நல்ல காலம் எப்போது பிறக்கும்? – யுக மாற்ற நம்பிக்கை பற்றி ஒரு பாடம்



சில மாதங்களுக்கு முன் நம் ஞாயிறு சமய வகுப்பு முடிந்து, பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்த நேரம். படிவம் 4 படிக்கும் ஒரு தம்பி கைப்பேசியை என்னிடம் நீட்டினான்.

"அண்ணே, புலனத்துல வந்திருக்கு, பாருங்க. கலியுகம் முடியப் போகுதாம். கல்கி பிறந்துட்டாராம். வெள்ளம், நிலநடுக்கம், புதுப்புது நோய் எல்லாம் அதுக்கு அடையாளமாம். உண்மையாண்ணே?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. "முடியப் போகுதுன்னா, எஸ்.பி.எம்.முக்கு எதுக்குண்ணே உக்காந்து படிக்கணும்?" என்று கேட்டான்.

அன்றைக்கு நான் சொன்ன பதில் எனக்கே போதுமானதாக இல்லை. அதனால்தான் இந்த மாதப் பாடத்தை இதற்கென்றே எடுத்துக்கொண்டேன். உலகம் ஒருநாள் அடியோடு மாறும், துன்பம் ஒழிந்து நல்லாட்சி வரும் என்கிற நம்பிக்கை எங்கிருந்து வந்தது? நம் மரபு அதைப் பற்றி என்ன சொல்கிறது? அப்படிப்பட்ட செய்தி நம் கைக்கு வந்தால் என்ன செய்வது? மூன்றையும் வரிசையாகப் பார்ப்போம்.

1. ஆயிரமாண்டு ஆட்சி என்றால் என்ன?

இந்த நம்பிக்கைக்கு உலக அளவில் வழங்கும் பெயர் 'மில்லேனியலிசம்'. லத்தீன் மொழியில் 'மில்லே' என்றால் ஆயிரம், 'அன்னுஸ்' என்றால் ஆண்டு. தமிழில் 'ஆயிரமாண்டு ஆட்சி நம்பிக்கை' என்று சொல்லலாம்.

கிறிஸ்தவர்களின் விவிலியத்தில் கடைசி நூல் திருவெளிப்பாடு. அதன் 20-ஆம் அதிகாரத்தில் ஒரு காட்சி வருகிறது. தீமையின் வடிவமான பாம்பு ஆயிரம் ஆண்டுகள் கட்டிவைக்கப்படுகிறது. நம்பிக்கைக்காக உயிர்விட்டவர்கள் எழுந்து கிறிஸ்துவோடு அந்த ஆயிரம் ஆண்டும் ஆட்சி செய்கிறார்கள். அதன் பிறகுதான் இறுதித் தீர்ப்பு. இந்த 'ஆயிரம்'தான் மேலே சொன்ன பெயருக்குக் காரணம்.

பெயர் அங்கிருந்து வந்தாலும், எண்ணம் ஒரு சமயத்துக்கு மட்டும் சொந்தமானதில்லை. யூதர்கள் மெசியாவை எதிர்பார்க்கிறார்கள். பழைய பாரசீகத்தின் ஜொராஸ்ட்ரிய சமயம் உலக வரலாற்றை 12,000 ஆண்டுகளாகக் கணக்கிட்டு, கடைசியில் 'சவோஷ்யந்த்' என்னும் மீட்பர் வருவார் என்கிறது. பௌத்தர்கள் இனி வரப்போகும் மைத்ரேய புத்தரை நம்புகிறார்கள். நம்ம ஊர்ச் சீனர் கோயில்களில் பெரிய வயிற்றோடு, சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருக்கும் உருவத்தைப் பார்த்திருப்பீர்களே, அவரை மைத்ரேயரின் வடிவமாகவே பலரும் வணங்குகிறார்கள்.

நம் ஊர்ப்பக்கம் குடுகுடுப்பைக்காரர் விடியற்காலையில் வீட்டு வாசலில் நின்று "நல்ல காலம் பொறக்குது" என்று சொல்வார். அது ஒரு வீட்டுக்குச் சொல்லும் குறி. அதையே ஒரு சமுதாயம் முழுவதற்கும், உலகம் முழுவதற்கும் சொன்னால், அதுதான் இந்த நம்பிக்கை.

2. இது ஏன் தோன்றுகிறது?

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். இந்த நம்பிக்கை வசதியாக வாழ்ந்தவர்களிடம் அதிகம் தோன்றவில்லை. திருவெளிப்பாடு எழுதப்பட்ட முதல் நூற்றாண்டில் கிறிஸ்தவர்கள் ரோமப் பேரரசின் கீழ் ஒரு சிறு கூட்டம், அடிபட்டுக்கொண்டிருந்த கூட்டம். யூதர்களின் தானியேல் நூல் கி.மு. 2-ஆம் நூற்றாண்டில், அந்நிய அரசன் அவர்களுடைய வழிபாட்டையே தடை செய்த காலத்தில், இப்போதைய வடிவம் பெற்றது என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து.

'இப்படியே போகாது, இதற்கும் ஒரு முடிவு உண்டு' என்று சொல்லிக்கொள்ளாமல் அவர்களால் உயிர் வாழ முடியவில்லை. ஆகவே இந்த நம்பிக்கையைக் கேலி செய்யக்கூடாது. அதன் வேர், நியாயம் வேண்டும் என்ற ஏக்கம்.

ஆனால் அந்த வேரிலிருந்து இரண்டு கிளைகள் பிரிகின்றன. ஒன்று, நாளைக் கணக்குப் போட்டுக் காத்திருப்பது. இன்னொன்று, வரப்போகும் காலத்துக்குத் தகுந்தபடி இன்றைக்கே வாழத் தொடங்குவது. இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். போய்ச் சேரும் இடம் வேறு வேறு.

3. நாள் குறித்தவர்கள்

முதல் கிளைக்கு ஓர் உதாரணம். அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற விவசாயி விவிலியத்தைப் படித்துக் கணக்குப் போட்டு, கிறிஸ்து திரும்பி வரும் காலம் நெருங்கிவிட்டது என்று போதித்தார். ஆயிரக்கணக்கானோர் அவர் பேச்சை நம்பினார்கள். முதலில் சொன்ன காலம் கடந்துபோனது. பிறகு இயக்கத்தினர் 1844 அக்டோபர் 22 என்று உறுதியாக நாள் குறித்தார்கள். விளைந்த பயிரை அறுக்காமல் விட்டவர்கள் உண்டு. கடையை மூடியவர்கள் உண்டு. அந்த நாள் வந்தது. மறுநாளும் விடிந்தது. வரலாற்றில் அதற்கு 'பெரும் ஏமாற்றம்' என்றே பெயர்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. 1978-இல் தென் அமெரிக்காவின் கயானா நாட்டில் நடந்தது அதைவிடக் கொடுமை. ஜிம் ஜோன்ஸ் என்ற போதகர், அணுப்போர் வந்து உலகம் அழியும் என்று பல ஆண்டுகளாக அச்சுறுத்தி, தன் கூட்டத்தைக் காட்டுக்குள் கொண்டுபோய்க் குடியேற்றினார். கடைசியில் குழந்தைகள் உட்பட 900-க்கும் மேற்பட்டவர்கள் அங்கே இறந்தார்கள். பெரும்பாலோர் நஞ்சு கலந்த பானத்தால் இறந்தவர்கள்.

நம் தலைமுறையும் 2012 டிசம்பர் 21-ஐப் பார்த்தது. மாயன் நாட்காட்டி முடிகிறது, உலகமும் முடிகிறது என்றார்கள். அன்று இரவு ரொட்டி சானாய்க் கடையில் உட்கார்ந்து அதைப் பற்றிப் பேசிச் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போனோம். சிரித்தவர்கள் பலர், தூங்காமல் அழுத பிள்ளைகளும் இருந்தார்கள்.

4. நம் யுகக் கணக்கு என்ன சொல்கிறது?

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். புராணங்கள் காலத்தை நான்கு யுகங்களாகப் பிரிக்கின்றன.

கிருத யுகம் – 17,28,000 ஆண்டுகள்
திரேதா யுகம் – 12,96,000 ஆண்டுகள்
துவாபர யுகம் – 8,64,000 ஆண்டுகள்
கலியுகம் – 4,32,000 ஆண்டுகள்

நான்கும் சேர்ந்தால் 43,20,000 ஆண்டுகள். இதற்குச் சதுர்யுகம் என்று பெயர். இப்படி ஆயிரம் சதுர்யுகம் கழிந்தால் பிரம்மாவுக்கு ஒரு பகல். பாருங்கள், இங்கேயும் ஓர் 'ஆயிரம்' வருகிறது. ஆனால் அதற்குப் பிறகும் கதை முடிவதில்லை. இரவு வரும், மறுபடியும் பகல் வரும்.

பஞ்சாங்க மரபுப்படி கலியுகம் தொடங்கியது கி.மு. 3102-இல். இதுவரை கழிந்தது 5,100 ஆண்டுகளுக்குச் சற்று அதிகம். மீதி 4,26,000 ஆண்டுகளுக்கு மேல் இருக்கிறது. கல்கி அவதாரம் பற்றிப் பாகவதத்தின் பன்னிரண்டாம் ஸ்கந்தமும் விஷ்ணு புராணமும் சொல்கின்றன: சம்பளம் என்னும் ஊரில், விஷ்ணுயசஸ் என்பவர் வீட்டில் அவர் பிறப்பார், அதர்மத்தை அழிப்பார், மறுபடியும் கிருத யுகம் தொடங்கும். அது கலியுகத்தின் கடைசியில். ஆக, புலனத்தில் வரும் செய்தி நம் சொந்த நூல்களின் கணக்குக்கே பொருந்தவில்லை.

'அப்பாடா, இன்னும் நாலு லட்சம் வருஷம் இருக்கு' என்று நிம்மதியாகப் போய்விடலாமா? அங்கேதான் இன்னொரு பள்ளம் இருக்கிறது. நம்மவர்கள் அடிக்கடி சொல்வது: "கலி முத்திப்போச்சு, நாம என்ன செய்ய முடியும்?" கோயில் நிர்வாகத்தில் சண்டை என்றாலும் கலிகாலம், பிள்ளைகள் குண்டர் கும்பலில் சேர்ந்தாலும் கலிகாலம். நாள் குறித்துப் பயப்படுவது ஒரு தவறு என்றால், யுகத்தின் மேல் பழியைப் போட்டுக் கையைக் கட்டிக்கொள்வது இன்னொரு தவறு.

நம் ஆன்றோர்கள் இந்த இரண்டையும் ஏற்கவில்லை. திருவாய்மொழியின் ஐந்தாம் பத்தில் நம்மாழ்வார், கடல்வண்ணனின் அடியார்கள் பூமியெங்கும் பாடி ஆடித் திரிவதைக் காண்கிறார். கலியின் வலிமை இனி ஒடுங்கும் என்று அந்தப் பதிகத்தில் மகிழ்ந்து அறிவிக்கிறார். நாலு லட்சம் ஆண்டுக் கணக்கை அவர் அங்கே எடுக்கவே இல்லை. நல்லவர்கள் கூடும் இடத்தில் கலி தளரும் என்பது அவர் கண்ட காட்சி. வள்ளுவரும் சான்றாண்மை அதிகாரத்தில், ஊழியே நிலைமாறினாலும் தம் நிலையிலிருந்து மாறாதவர்களைச் சான்றோர் என்கிறார்.

5. சுவாமித்தோப்பில் பிறந்த தர்ம யுகம்

இந்த எண்ணம் ஒரு மக்கள் இயக்கமாகவே மாறிய இடம் ஒன்று தமிழ் மண்ணில் இருக்கிறது. கன்னியாகுமரிக்கு அருகில் உள்ள சுவாமித்தோப்பு. 19-ஆம் நூற்றாண்டில் அது திருவிதாங்கூர் அரசின் கீழ் இருந்தது.

அன்றைய நிலையைக் கேளுங்கள். பனையேறும் நாடார் மக்களுக்கும், மற்ற ஒடுக்கப்பட்ட சாதியினருக்கும் தலைவரி உண்டு. கூலி இல்லாத 'ஊழியம்' உண்டு. குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது. பெண்கள் மேலாடை போடக்கூடாது. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துத் தூக்கிச் செல்வதற்கும் தடை.

அந்த மக்களிடையே 1809-இல் ஒரு குழந்தை பிறந்தது. பெற்றோர் முடிசூடும் பெருமாள் என்று பெயர் வைத்தார்கள். 'உங்களுக்கு இப்படி ஒரு பெயரா?' என்று மேல்சாதியினர் எதிர்க்க, முத்துக்குட்டி என்று மாற்ற வேண்டியதாயிற்று. பெயரில்கூட முடி சூட அனுமதி இல்லை.

நோயுற்று மெலிந்த முத்துக்குட்டியை, 1833-இல், மாசித் திருவிழாவுக்குத் திருச்செந்தூருக்குக் கொண்டுசென்றார்கள். அங்கே அவர் கடலுக்குள் போனார். மூன்றாம் நாள் வைகுண்டராக வெளியே வந்தார் என்பது அவர் வழி வந்தவர்களின் நம்பிக்கை. மாசி 20-ஆம் நாளை இன்றும் அவருடைய அவதார நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

அய்யா வைகுண்டர் சொன்னது, கலியுகம் முடியும் காலம் வந்துவிட்டது, தர்ம யுகம் பிறக்கப் போகிறது என்பது. அவருடைய சீடர் அரிகோபாலன் 1841-இல் எழுதிய அகிலத்திரட்டு அம்மானை, யுகங்களை எட்டாகக் கூறுகிறது. குறோணி என்ற அசுரன் ஆறு துண்டுகளாக வெட்டப்பட்டு, யுகத்துக்கு ஒரு துண்டாகப் பிறந்து வருகிறான். முந்தைய யுகங்களில் அவனை ஆயுதத்தால் வெல்ல முடிந்தது. கடைசித் துண்டாகிய கலியோ மாயையாக மனிதர் மனத்துக்குள்ளேயே புகுந்துகொள்கிறது. அதை வாளால் வெட்ட முடியாது; தர்மத்தாலும் பொறுமையாலும்தான் ஒழிக்க முடியும். எட்டாவதாக வருவது தர்ம யுகம்.

இவ்வளவு பெரிய மாற்றத்தை அறிவித்தவர், மக்களை என்ன செய்யச் சொன்னார்? நிலத்தை விற்றுவிட்டுக் காத்திருக்கச் சொன்னாரா? இல்லை.

தலைப்பாகை கட்டச் சொன்னார். அரசனுக்கும் மேல்சாதிக்கும் மட்டுமே உரியது என்று இருந்த ஒன்றைப் பனையேறியின் தலையில் வைத்தார். முத்திரிக் கிணறு என்ற பொதுக் கிணற்றில் எல்லாச் சாதியாரும் தண்ணீர் எடுத்தார்கள். சேர்ந்து சமைத்து, சேர்ந்து சாப்பிட்டார்கள். ஊர்தோறும் நிழல் தாங்கல்கள் எழுந்தன. கடற்கரையில் 'துவையல் பந்தி' என்ற பெயரில் எழுநூறு குடும்பங்கள் கூடித் தவமிருந்ததாக மரபு கூறும். ஒரு நாளைக்கு மூன்று முறை குளித்து, துணி துவைத்து, மரக்கறி உணவு மட்டும் உண்டு, ஒழுக்கமாக வாழப் பழகினார்கள். சுவாமித்தோப்புப் பதியின் பள்ளியறையில் சிலை இல்லை, கண்ணாடி இருக்கிறது. உள்ளே பார்த்தால் தெரிவது உன் முகம்தான். கீழே கிடப்பவனைத் தூக்கிக் காப்பதுதான் தர்மம் என்பது அவருடைய போதனை.

அரசு சும்மா இருக்கவில்லை. சுவாதித் திருநாள் மன்னர் காலத்தில் அவரைத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோய்ச் சிங்காரத்தோப்பில் சிறை வைத்தார்கள். வெளியே வந்தபின்னும் பணியைத் தொடர்ந்து, 1851-இல் மறைந்தார். எட்டு ஆண்டுகள் கழித்து, 1859-இல், நாடார் பெண்கள் மேலாடை அணியத் திருவிதாங்கூர் அரசு அனுமதி கொடுத்தது. பெண்களின் நீண்ட போராட்டம், கிறிஸ்தவ மிஷனரிகளின் முயற்சி, சென்னை அரசின் அழுத்தம் எனப் பல கைகள் அதற்குப் பின்னால் இருந்தன. தலை நிமிர்ந்து நிற்கப் பழகியிருந்த மக்களும் அதில் ஒரு காரணம்.

மில்லரின் கூட்டம் அமெரிக்காவில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அதே 1840-களில், இங்கே ஒரு கூட்டம் கிணறு வெட்டித் தலைப்பாகை கட்டியது. இரண்டுமே யுகம் மாறும் என்று நம்பிய கூட்டங்கள்தாம்.

தலைப்பாகை என்ன அவ்வளவு பெரிய விஷயமா என்று தோன்றலாம். நம் நாட்டு வரலாற்றைப் பாருங்கள். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, சம்பள உயர்வோடு சேர்த்து இன்னொன்றும் கேட்டார்கள்: துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்துங்கள். பால்மரக் காட்டில் உழைத்த நம் தாத்தா பாட்டிக்குச் சைக்கிளில் நிமிர்ந்து உட்காருவதுதான் தலைப்பாகை.

6. வடலூரில் எரியும் அடுப்பு

நம் நாட்டிலும் சன்மார்க்க சங்கங்கள் வழியாக நமக்கு நன்கு தெரிந்தவர் வள்ளலார் இராமலிங்க அடிகள். அவரும் ஒரு பெரிய நாளை எதிர்பார்த்தவர். அருட்பெருஞ்ஜோதி ஆண்டவர் வெளிப்படுவார், மரணத்தையும் வெல்லலாம் என்று நம்பினார். இறந்தவர்களை எரிக்காமல் அடக்கம் செய்யுங்கள் என்று சொன்னதும் அந்த நம்பிக்கையால்தான்.

ஆனால் அவர் செய்த வேலைகளின் வரிசையைப் பாருங்கள். 1867-இல் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கிப் பசித்தவர்களுக்காக அடுப்பு மூட்டினார். சத்திய ஞானசபை வந்தது அதற்குப் பிறகு, 1872-இல். 1874 ஜனவரி 30 அன்று மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் சென்று கதவை மூடிக்கொண்டார். அவர் மூட்டிய அடுப்பு அணையாமல் இன்றும் எரிகிறது. இன்றும் சோறு போடுகிறது. ஆண்டவர் வரும் நாள் எது என்று அவர் கேட்டிருக்கலாம். ஆனால் பசி இருக்கும் நாள் இன்றைக்கு என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

7. நாம் உரசிப் பார்க்க வேண்டிய நான்கு கேள்விகள்

யுகம் முடிகிறது, அவதாரம் வந்துவிட்டது என்று ஒருவர் சொன்னால், சண்டை போடவும் வேண்டாம், உடனே நம்பவும் வேண்டாம். தங்கத்தை உரைகல்லில் உரசுவதுபோல உரசிப் பாருங்கள்.

ஒன்று: நாள் குறிக்கிறாரா? நாள் தவறினால் பொறுப்பேற்பாரா, அல்லது புதுநாள் குறிப்பாரா?

இரண்டு: நம்மிடமிருந்து எதை எடுக்கிறார்? பணம், நகை, படிப்பு, அப்பா அம்மாவோடு உள்ள உறவு, இதில் எதையாவது விடச் சொன்னால் விலகி வந்துவிடுங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

மூன்று: யாரையாவது வெறுக்கச் சொல்கிறாரா? 'நம்ம கூட்டம் மட்டும் தப்பும், மத்தவங்க எல்லாம் அழிவாங்க' என்ற பேச்சு எந்தச் சமயத்திலிருந்து வந்தாலும் அதில் தர்மம் இல்லை.

நான்கு: அதைக் கேட்டபின் நாளைக் காலையில் எழுந்து என்ன செய்யத் தோன்றுகிறது? போர்வையை இழுத்து மூடிக்கொள்ளத் தோன்றினால் அது பயம். எழுந்து ஒருவருக்கு உதவத் தோன்றினால், அதில் ஏதோ உண்மை இருக்கிறது.

8. அந்தத் தம்பிக்குப் பதில்

2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கியும் சிகாமட்டும் தண்ணீரில் மூழ்கின. 2023 மார்ச்சில் பத்து பகாட், யோங் பெங் பக்கம் மறுபடியும் வெள்ளம். இரண்டு முறையும் 'கலி முத்திப்போச்சு' என்று சொன்னவர்கள் இருந்தார்கள். அதே நேரத்தில், இடுப்பளவுத் தண்ணீரில் அரிசி மூட்டையைத் தோளில் தூக்கிப்போன இளைஞர்களும் இருந்தார்கள். எந்த வீட்டில் எந்த இனத்தவர் இருக்கிறார் என்று அவர்கள் கேட்கவில்லை. தர்ம யுகம் எப்படி இருக்கும் என்று என்னிடம் கேட்டால், அந்த இளைஞர்களைத்தான் காட்டுவேன்.

ஆகவே தம்பி, கலியுகம் எப்போது முடியும் என்பது உன் கவலை இல்லை. எஸ்.பி.எம். எப்போது என்பது நமக்கு உறுதியாகத் தெரியும். அதற்குப் படி. பக்கத்து வீட்டுத் தங்கைக்குக் கணக்குப் பாடம் வரவில்லை என்றால் அவளுக்கும் சொல்லிக்கொடு. இனி அந்த மாதிரி செய்தி வந்தால் அடுத்தவருக்கு அனுப்பாதே. வகுப்புக்குக் கொண்டு வா, சேர்ந்து உரசிப் பார்ப்போம்.

வகுப்பில் கலந்து பேச

1. உங்கள் தாத்தா அல்லது பாட்டியிடம் கேளுங்கள்: தோட்டத்து வாழ்க்கையில் 'நல்ல காலம் வரும்' என்று அவர்கள் எதை நம்பினார்கள்? அது வந்ததா? எப்படி வந்தது?

2. சுவாமித்தோப்பின் பள்ளியறையில் கண்ணாடி வைத்திருப்பதன் பொருள் என்ன? ஆளுக்கு இரண்டு நிமிடம் பேசுங்கள்.

3. நம் தாமானில் இந்த மாதம் நாம் மூட்டக்கூடிய ஓர் 'அடுப்பு' எது? உணவு, படிப்பு, முதியோர் துணை, எதுவாகவும் இருக்கலாம். ஒன்றை முடிவு செய்து, பொறுப்பாளர் பெயரையும் தொடங்கும் நாளையும் பலகையில் எழுதுங்கள். நாம் குறிக்க வேண்டிய நாள் அதுதான்.